அஞ்சு மில்லி யூரின்

மகன் பிறந்த 44ஆம் நாள் ஒன்றரை மாதத் தடுப்பூசி போட்டோம். புதன்கிழமை. மனைவியின் அம்மா வீடு கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன் என்றாலே ஊசி நாள். நர்ஸம்மா பாரசிட்டமால் சொட்டு மருந்தைக் கையில் கொடுத்து, "ராத்திரி காயும், பயப்படாதீங்க, நாளைக்குச் சரியாயிரும்" என்றார். சொன்னபடியே அன்று இரவு காய்ந்தது, வியாழக்கிழமை சாயங்காலம் விட்டது. நான் சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். காலண்டர் சீசன். வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கிளம்பி வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை மதியம் மனைவி போன் செய்தாள். "என்னங்க, தம்பிக்கு மறுபடியும் மேல் சுடுது."

"ஊசிக் காய்ச்சலாத்தான் இருக்கும். அந்தச் சொட்டு மருந்தக் குடு."

அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் உறுத்துகிறது. ஒன்றரை மாத ஊசிக்கு வருகிற காய்ச்சல் ஒரு நாள் இருக்கும், மிஞ்சினால் இரண்டு நாள். முழுதாக விட்டுப் போன காய்ச்சல் நான்கு நாள் கழித்துத் திரும்ப வந்தால் அதை ஊசியின் தலையில் கட்டக் கூடாது. பாரசிட்டமால் கொடுத்து அமுக்கியும் வைக்கக் கூடாது. இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

வீட்டில் தெர்மாமீட்டர் கூட இல்லை. புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதுதான் கணக்கு. அத்தை, "சூடு பிடிச்சிருக்கும்" என்று தொப்புளில் விளக்கெண்ணெய் தடவினார். விளக்கெண்ணெயால் கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை, ஒரு நாள் போனதுதான் கெடுதல். சளி இல்லை, இருமல் இல்லை. குழந்தை பெரிதாக அழவும் இல்லை. அதனால்தான் நாங்கள் அசட்டையாக இருந்தோம். இரண்டு நிமிடம் பால் குடிப்பான், அப்படியே கண்ணைச் செருகித் தூங்கிவிடுவான். எழுப்பிக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் கக்கிவிடுவான். "நல்ல பிள்ளை, தொந்தரவே இல்ல" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம்.

சிறுநீரில் கிருமி என்றால் எரிச்சல், அடிக்கடி போவது, அடிவயிற்று வலி என்று பெரியவர்கள் கணக்கில்தான் நமக்குத் தெரியும். இரண்டு மாதக் குழந்தைக்கு அதில் ஒன்றையும் சொல்லத் தெரியாது. காய்ச்சல், பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, வாந்தி, சில குழந்தைகளுக்கு விடாத மஞ்சள் காமாலை, எடை ஏறாமை. இவ்வளவுதான் அறிகுறி. வேறு பத்து நோய்க்கும் இதேதான் அறிகுறி. அதனால்தான் மூன்று மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு 100.4 ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் தொட்டுவிட்டால், வேறு எதுவும் தெரியாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று உலகம் முழுக்க வைத்திருக்கிறார்கள். மறுநாள் பார்க்கலாம் என்பதே அந்த வயதுக்குக் கிடையாது. இப்போது எங்கள் வீட்டில் இரண்டு டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை டவுனில் ஒரு குழந்தைகள் கிளினிக்குக்குப் போனோம். நானும் வந்து சேர்ந்துவிட்டேன். டாக்டர் பார்த்தார், 101 இருந்தது. நெஞ்சில் சளி இல்லை, காதில் ஒன்றுமில்லை. "யூரின் பாத்துருவோம்" என்றார். அது சரியான யோசனை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். காரணம் தெரியாத காய்ச்சலோடு வருகிற பச்சைக் குழந்தையிடம் பாக்டீரியாவைத் தேடுவதென்றால் முதலில் தேட வேண்டிய இடம் சிறுநீர்தான். அவர் தேடிய இடம் சரி, எடுத்த விதம்தான் தப்பு.

ஒரு சின்ன பிளாஸ்டிக் பை கொடுத்தார்கள். வாயைச் சுற்றிப் பசை இருக்கும். குழந்தையின் உறுப்பைச் சுற்றி அதை ஒட்டிவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து யூரின் போகும் வரை காத்திருக்கச் சொன்னார்கள். முதல் பை முக்கால் மணி நேரத்தில் மலம் பட்டு வீணானது. துடைத்துவிட்டு இரண்டாவது பை. அது ஒரு ஓரத்தில் கழன்று ஒழுகியது, மனைவி விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து அடியில் கொஞ்சம் மஞ்சளாகத் தேங்கியது. அதைப் பாட்டிலில் ஊற்றி மேஜையில் வைத்தார்கள். எதிர் லேபுக்குக் கொண்டுபோக வேண்டிய பையன் டீ குடிக்கப் போயிருந்தான். பாட்டில் மேஜையிலேயே இருந்தது. மின்விசிறிக் காற்றில் அதன் லேபிள் ஆடிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மைக்ராஸ்கோப்பில் சீழ் செல்கள், லேபில் 'பஸ் செல்ஸ்' என்பார்கள், எட்டு முதல் பத்து. டாக்டர் உடனே வாய்வழிச் சொட்டு மருந்து எழுதினார். செஃபிக்சிம். ஐந்து நாள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, எல்லோருக்கும் மூச்சு வந்தது. வெள்ளிக்கிழமை கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. யூரினில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்ப்பதுதான் கல்ச்சர். மூன்று வகைக் கிருமிகள் கலந்து வளர்ந்திருக்கின்றன, மாதிரி மாசுபட்டிருக்கலாம், மறுபடி எடுத்து அனுப்பவும் என்று இருந்தது. மூன்று நாள் ஆன்டிபயாடிக் உள்ளே போன பிறகு மறுபடி எடுத்து என்ன செய்வது? கிளினிக்கில் கேட்டதற்கு, "காய்ச்சல்தான் விட்டுருச்சுல்ல, மருந்த முடிங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. பிளேட்டில் அழுக்கு இருந்தால் மையைக் குறை சொல்லிப் பயனில்லை, பேப்பரை மாற்றியும் பயனில்லை. பத்தாயிரம் தாளிலும் அதே கறை விழும். அந்த ரிப்போர்ட் கிட்டத்தட்ட அதுதான். குழந்தையின் தோலிலும் மலத்திலும் இருந்த கிருமிகள் பையில் கலந்து, பாட்டிலில் ஊறி, லேபில் பெருகி, எங்கள் கைக்கு அச்சாகி வந்திருந்தது. உள்ளே நிஜமாக இருந்த கிருமி எது, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்பது அந்தத் தாளில் இல்லை.

63ஆம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு மறுபடி காய்ச்சல். இந்த முறை புதுத் தெர்மாமீட்டரில் 102. விடிவதற்குக் காத்திருக்கவில்லை. மச்சான் காரை எடுத்தான், மதுரையில் குழந்தைகளுக்கான சிறுநீரகப் பிரிவு உள்ள ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம்.

டியூட்டியில் இருந்தவர் இளம் பெண் டாக்டர். பழைய ரிப்போர்ட்டை நீட்டினேன். படித்துவிட்டு முதலில் கேட்டது: "யூரின எப்படி எடுத்தாங்க?"

"பை ஒட்டி எடுத்தாங்க மேடம்."

அவர் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அதற்கப்புறம் அதைப் பார்க்கவே இல்லை.

பையில் எடுத்த யூரின் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் ஆகும் என்று பிறகு விளக்கினார். அதில் ஒன்றுமே இல்லை என்று வந்தால் பெரும்பாலும் நம்பலாம். ஏதாவது இருக்கிறது என்று வந்தால் நம்ப முடியாது, அதை வைத்து மருந்து எழுதவும் கூடாது. குழந்தைக்குக் கல்ச்சர் அனுப்ப மூன்று வழிதான். மெல்லிய குழாய் விட்டு எடுப்பது, அடிவயிற்றில் ஊசி போட்டு மூத்திரப்பையிலிருந்து நேராக உறிஞ்சுவது, அல்லது குழந்தை போகும்போது நடுவில் வருவதைச் சுத்தமான பாட்டிலில் பிடிப்பது.

குழாய் என்றதும் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இம்புட்டுப் பிள்ளைக்கா?"

"பால் குடுக்க மூக்குல விடுற டியூப்தாம்மா. அதுலயே ரொம்பச் சின்ன சைஸ். ஒரு நிமிஷ வேலை. எடுத்த உடனே டியூப வெளிய எடுத்துருவோம், உள்ள வச்சுட்டுப் போக மாட்டோம்" என்றார் டாக்டர்.

நான் உள்ளே நின்று பார்த்தேன். சிஸ்டர் கிளவுஸ் போட்டு, ஜெல் தடவிய டியூபைத் தயாராக வைத்து, டயாப்பரைத் திறந்தார். திறந்த வேகத்தில் மகன் வானத்தைப் பார்த்து ஒரு வில் போல அடித்தான். சிஸ்டரின் முழங்கை வரை நனைந்தது. மூத்திரப்பை காலி. "அடப் போக்கிரி" என்று சொல்லிவிட்டு, பால் கொடுக்கச் சொல்லி, முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். இந்த முறை உறுப்பை நன்றாகத் துடைத்தார்கள், முன்தோலை இழுக்கவில்லை. டியூப் உள்ளே போனதும் வந்த முதல் சில சொட்டுகளைக் கீழே விட்டார், அடுத்து வந்ததை மூடி திறந்த பாட்டிலில் பிடித்தார். அஞ்சு மில்லி இருக்கும். குழந்தை அழுதது டியூபுக்காகவா, காலைப் பிடித்துக்கொண்டதற்காகவா என்று சொல்ல முடியாது. எடுத்தவுடன் அம்மாவின் மேல் போட்டதும் நிறுத்திவிட்டான்.

அந்த முக்கால் மணி நேரமும் ஆன்டிபயாடிக் ஊசி டிரேயில் தயாராக இருந்தது. ஏன் போடவில்லை என்று கேட்டேன். ஒரே ஒரு டோஸ் உள்ளே போனாலும் யூரினில் கிருமி வளராமல் போய்விடலாம், அப்புறம் எந்த மருந்து என்று இருட்டில் தேட வேண்டும் என்றார். "ஆனா குழந்தை மோசமா இருந்தா யூரினுக்காகக் காத்திருக்க மாட்டோம்." என் மகன் அப்போது சோர்ந்திருந்தாலும் நிறம், மூச்சு, கை கால் சூடு எல்லாம் சரியாக இருந்ததால்தான் காத்திருந்தார்கள்.

பாட்டிலை என் கையில் கொடுத்து, "வார்டு பையனுக்காக நிக்க வேண்டாம், நீங்களே ஓடுங்க. இரண்டாவது மாடி லேப்" என்றார். எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் லேபில் ஏற வேண்டுமாம், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். வெளியில் கிடந்தால் இருக்கிற நாலு கிருமி நாலாயிரமாகிவிடும். அந்த டீக்கடைப் பையனை நினைத்துக்கொண்டே படியேறினேன்.

ரத்தமும் எடுத்தார்கள். முதுகுத்தண்டு நீரும் எடுக்க வேண்டும் என்றபோதுதான் குடும்பமே ஆடிப்போனது. "முதுகுல ஊசி போட்டா பிள்ளை நடக்காது" என்று அத்தை போனில் அழுதார். இந்த வயதில் ரத்தத்தில் கிருமி பரவி மூளைச்சவ்வு வரை போக வாய்ப்பு உண்டு, ஏற்கெனவே அரைகுறையாக ஆன்டிபயாடிக் கொடுத்திருப்பதால் வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கலாம், அதனால் பார்த்துவிடுவது நல்லது என்றார்கள். ஊசி போகிற இடம் இடுப்புக்குக் கீழ்ப்பக்கம், தண்டுவடம் முடிந்த பிறகு உள்ள இடம் என்று ஒரு படம் வரைந்து காட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். தண்ணீர் மாதிரித் தெளிவாக வந்தது. பையன் பத்து மாதத்தில் நின்றான், பதின்மூன்றாம் மாதம் நடந்தான். அத்தைக்காக இதை எழுதுகிறேன்.

முதல் யூரின் சோதனை ஒரு மணி நேரத்தில் வந்தது. சீழ் செல் ஏராளம். ஆனால் 'நைட்ரைட்' என்ற கட்டத்தில் இல்லை என்று இருந்தது. அதுவரை செல்போனில் படித்த அரைகுறை அறிவோடு, "நைட்ரைட் நெகட்டிவ்னா இன்ஃபெக்‌ஷன் இல்லன்னுதானே அர்த்தம்?" என்றேன். டாக்டர் சிரிக்காமல் பதில் சொன்னார். கிருமி சிறுநீரில் உள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றக் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் அது மூத்திரப்பையில் தங்க வேண்டும். பெரியவர்கள் ராத்திரி முழுக்க அடக்கி வைப்பார்கள். இவன் மணிக்கொரு தரம் போகிறான், மாற்றுவதற்கு நேரம் எங்கே? நைட்ரைட் இருந்தால் கிருமி இருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதி. இல்லை என்பதால், அதுவும் குழந்தைக்கு, ஒன்றும் முடிவாகாது.

அன்று காலையே வென்ஃப்ளான், அதாவது ரத்தக்குழாயில் மருந்து ஏற்றும் சின்னக் குழாய், போட்டு செஃபோடாக்சிம், அமிகாசின் என்று இரண்டு மருந்து ஆரம்பித்தார்கள். மூன்று மாதத்துக்குள் காய்ச்சலோடு வருகிற யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு முதலில் ரத்தக்குழாய் வழியாகக் கொடுப்பதுதான் பெரும்பாலும் வழக்கம், கொஞ்சம் வளர்ந்த, நன்றாகக் குடிக்கிற குழந்தைக்கு வாய்வழியே போதுமாம். மருந்தின் அளவெல்லாம் எடையைப் பொறுத்தது, இங்கே எழுத மாட்டேன், என் மகனின் மருந்து இன்னொரு குழந்தைக்குப் பொருந்தும் என்றும் நினைக்க வேண்டாம்.

மூன்றாம் நாள் ரிப்போர்ட். இ. கோலை, மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேல். ஒரே ஒரு கிருமி, கலப்பு இல்லை. கீழே மருந்துகளின் பட்டியல், எதிரே 'எஸ்' என்றால் கேட்கும், 'ஆர்' என்றால் கேட்காது. செஃபிக்சிம் ஆர். செஃபோடாக்சிம் ஆர். அமிகாசின் எஸ். மெரோபெனெம் எஸ். நைட்ரோஃப்யூரன்டாயின் எஸ். முதல் தடவை கொடுத்த சொட்டு மருந்துக்கு இந்தக் கிருமி பாதி அடங்கி, மருந்து முடிந்ததும் தலை தூக்கியிருக்கும் என்றார் டாக்டர். செஃபோடாக்சிமை அன்றே நிறுத்தினார்கள். அமிகாசினில் ஏற்கெனவே காய்ச்சல் இறங்கிக்கொண்டிருந்தது.

நான் பட்டியலைப் பார்த்து, "நைட்ரோஃப்யூரன்டாயின் வாய்வழி மருந்துதானே, எஸ்னு போட்டிருக்கே, அதக் குடுத்து வீட்டுக்கு விடக் கூடாதா?" என்று கேட்டேன். அது மூத்திரத்தில் மட்டும் சேரும், சிறுநீரகச் சதையில் போதுமான அளவு ஏறாது, காய்ச்சல் இருந்தால் கிருமி சிறுநீரகம் வரை போய்விட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். மெரோபெனெமை வேறு வழியில்லாத போது எடுக்க வைத்திருக்கிறார்கள். எஸ் என்று இருப்பதெல்லாம் கொடுக்கக்கூடியது என்று அர்த்தமில்லை என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பட்டியலைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

மொத்தம் பத்து நாள் அமிகாசின். தினம் ஒரு வேளை. அந்த மருந்து சிறுநீரகத்தையும் காதையும் தொந்தரவு செய்யக்கூடியது என்பதால் இடையில் சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தச் சோதனை பார்த்தார்கள், முடிந்த பிறகு காது கேட்கும் திறன் சோதனை செய்தார்கள். இரண்டும் சரியாக இருந்தன. வென்ஃப்ளான் நான்கு முறை மாற்ற வேண்டி வந்தது. கை, கை, கால், கடைசியில் தலை. தலையில் ஒரு பக்கம் முடியை மழித்துப் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் அத்தை வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். பச்சை உடம்புக்காரியான என் மனைவி அந்தப் பத்து நாளும் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். நிறுத்தச் சொல்லவில்லை, இன்னும் அடிக்கடி கொடுக்கத்தான் சொன்னார்கள். சூட்டைத் தணிக்கத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம் என்றார்கள்.

எங்களால்தானே வந்தது என்ற எண்ணம் மனைவியை விடவில்லை. பேம்பர்ஸ் போட்டதாலா, துணி சரியாகக் காயாததாலா என்று ஒவ்வொரு ரவுண்ட்ஸிலும் கேட்பாள். இ. கோலை அவனவன் குடலில் இருப்பதுதான், மலத்திலிருந்து தோலுக்கு வந்து மேலே ஏறுகிறது என்றார் பெரிய டாக்டர். பொதுவாகப் பெண்களுக்குத்தான் இந்த நோய் அதிகம் என்றாலும் முதல் சில மாதங்களில் ஆண் குழந்தைகளுக்கே அதிகம் வருகிறது. முன்தோலுக்கு அடியில் கிருமி தங்குவது ஒரு காரணம். அப்போதுதான் அத்தை மெதுவாக ஒன்று சொன்னார். ஊரில் குளிப்பாட்ட வருகிற ஆச்சி தினமும் எண்ணெய் போட்டு அந்தத் தோலைப் பின்னுக்கு இழுத்துவிடுவாராம், "அப்பத்தான் ஒன்னுக்கு நல்லாப் போகும்" என்று. டாக்டருக்குக் கோபமே வந்துவிட்டது. குழந்தைக்கு அந்தத் தோல் ஒட்டித்தான் இருக்கும், வளர வளரத் தானாகப் பிரியும், இழுத்தால் கிழிந்து புண்ணாகித் தழும்பில் நிஜமாகவே அடைத்துக்கொள்ளும். வெளியே தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். ஆச்சியிடம் இதைச் சொல்கிற பொறுப்பை என் மேல் போட்டார்கள். அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இன்னொரு கேள்வி கேட்டார்: "ஒன்னுக்குப் போறப்ப பீச்சி அடிக்கானா, சொட்டுச் சொட்டா வடியுதா?" சிஸ்டரின் முழங்கையைச் சாட்சிக்குக் கூப்பிட்டோம். ஆண் குழந்தைக்குத் தாரை பலமில்லாமல் சொட்டினால் மூத்திரக் குழாயில் பிறவி அடைப்பு இருக்கலாம், அது அவசரமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் என்றார்.

அப்புறம் வயிற்று ஸ்கேன். இடது சிறுநீரகத்தின் கூடம், அதாவது சிறுநீர் சேர்ந்து கீழே இறங்கும் புனல் போன்ற இடம், கொஞ்சம் விரிந்திருந்தது. "வயித்துல இருக்கும்போது ஸ்கேன்ல எதுவும் சொன்னாங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். மறுநாள் மச்சான் பீரோவிலிருந்து ஃபைலைக் கொண்டுவந்தான். 32ஆம் வார ஸ்கேனில், மூன்றாவது பக்கத்தில், இடது சிறுநீரகக் கூடம் 8 மில்லிமீட்டர், பிறந்த பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும் என்று தெளிவாக இருந்தது. அந்த ஸ்கேனில் நாங்கள் பார்த்தது குழந்தையின் மூக்கு யார் மாதிரி என்பதைத்தான். பேறுகால ஃபைலை அம்மாவின் ஃபைல் என்று கட்டி வைத்துவிடுகிறோம். அதில் பாதி குழந்தையுடையது.

காய்ச்சல் விட்டு, மருந்து முடிந்து, இரண்டு வாரம் கழித்து எம்சியூ எடுத்தார்கள். மூத்திரப்பையில் குழாய் வழியாக எக்ஸ்ரேயில் தெரிகிற மருந்தை ஏற்றி, குழந்தை போகும்போது எக்ஸ்ரே எடுப்பது. எல்லாக் குழந்தைக்கும் இது தேவையில்லை, ஸ்கேனில் கோளாறு இருந்தாலோ நோய் திரும்பத் திரும்ப வந்தாலோதான். இவனுக்கு இடது பக்கம் மூன்றாம் நிலை ரிஃப்ளக்ஸ். சிறுநீர் சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்கு ஒரு வழியாகத்தான் இறங்க வேண்டும், சந்திப்பில் கதவு மாதிரி ஓர் அமைப்பு இருக்கிறது, இவனுக்கு அது சரியாகச் சாத்தவில்லை, போகும்போது கொஞ்சம் மேலே ஏறிவிடுகிறது. ஒன்று முதல் ஐந்து வரை நிலைகள், ஐந்துதான் மோசம். மூன்று பெரும்பாலும் வளரும்போது சரியாகிவிடும் என்றார்கள்.

நோய் திரும்ப வராமலிருக்க ராத்திரி ஒரு வேளை சின்ன அளவில் ஆன்டிபயாடிக். முதலில் செஃபலெக்சின், கொஞ்சம் வளர்ந்ததும் கோட்ரைமாக்சசோல். வருஷக்கணக்கில் ஆன்டிபயாடிக்கா என்று நான் மூக்கைச் சுளித்தேன். டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அமெரிக்காவில் 607 குழந்தைகளை வைத்துச் செய்து 2014இல் வெளிவந்த ரிவர் ஆய்வில், இப்படிக் கொடுத்ததில் திரும்ப வருவது பாதியாகக் குறைந்தது, ஆனால் சிறுநீரகத்தில் தழும்பு விழுவதில் வித்தியாசம் தெரியவில்லை, மருந்தை மீறி வந்த கிருமிகளும் பெரும்பாலும் அந்த மருந்துக்கு அடங்காதவையாக இருந்தன. "அதனால எல்லாருக்கும் எழுத மாட்டேன். உங்க பையனுக்கு முதல் வருஷம், மூணாம் நிலை, ஒரு தடவ திரும்ப வந்திருக்கு. குடுக்கலாம்னு நினைக்கிறேன்." முன்தோல் நீக்கும் அறுவையும் நோயைக் குறைக்கும், அதையும் யோசிக்கலாம் என்றார். மருந்தைத் தேர்ந்தெடுத்தோம்.

எட்டாம் மாதம் டிஎம்எஸ்ஏ ஸ்கேன். ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு வேலை செய்கிறது, தழும்பு இருக்கிறதா என்று காட்டுவது. நோய் வந்து ஆறு மாதமாவது ஆகட்டும் என்று காத்திருந்தது, அதற்கு முன் எடுத்தால் வீக்கத்தையும் தழும்பையும் பிரித்துச் சொல்ல முடியாதாம். வேலைப் பங்கு இடது 46 சதவீதம், வலது 54. அது இயல்புக்குள்தான். இடது சிறுநீரகத்தின் மேல் முனையில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். அந்தத் தழும்பு திங்கட்கிழமைக்கு உரியதா, சரியான மருந்து கிடைக்காத அந்த இரண்டு வாரத்துக்கு உரியதா என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காய்ச்சலுக்கும் யூரின் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் மதுரைக்கு ஓட முடியாது, டியூபும் போட முடியாது. அதனால் பாட்டிலில் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். பால் கொடுத்து இருபது, இருபத்தைந்து நிமிடம் கழித்து உறுப்பையும் சுற்றிலும் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். ஒருவர் குழந்தையை அக்குளில் பிடித்துக் காலைத் தொங்கவிட வேண்டும். இன்னொருவர் அடிவயிற்றில், மூத்திரப்பை இருக்கும் இடத்தில், விரல் நுனியால் நிமிடத்துக்கு நூறு வேகத்தில் அரை நிமிடம் தட்ட வேண்டும், பிறகு முதுகின் அடிப்பக்கத்தை இரண்டு கட்டை விரலாலும் அரை நிமிடம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். மாற்றி மாற்றி. 2013இல் ஸ்பெயின் டாக்டர்கள் பச்சிளங்குழந்தைகளுக்குச் செய்து காட்டிய முறை. பெரிய குழந்தைக்குக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் அடிவயிற்றைத் தேய்ப்பது இன்னொரு முறை, 2017இல் மெல்போர்னில் சோதித்தது. ஐந்து நிமிடத்துக்குள் மூன்றில் ஒரு குழந்தைதான் போகுமாம், சும்மா காத்திருப்பதை விட அது மேல். மூடியை உள்பக்கம் தொடாமல் திறந்து, முதலில் வருவதை விட்டு நடுவில் பாட்டிலை நீட்ட வேண்டும்.

எழுதும்போது எளிது. முதல் மூன்று தடவை என் சாரம்தான் பிடித்தது. அத்தை கதவோரம் நின்று, "மாப்பிள்ளை, பாட்டில அங்க நீட்டுங்க, உங்க மேல இல்ல" என்று சிரித்தார். நான்காவது தடவை, ஒன்பதாம் மாதக் காய்ச்சலில், பாட்டில் நிறைந்தது. ஐஸ் கட்டி வைத்த டப்பாவில் பாட்டிலைப் போட்டு பைக்கில் லேபுக்குப் போனேன். இரண்டு நாளில் ஒன்றும் வளரவில்லை என்று வந்தது, மூன்றாம் நாள் உடம்பில் சிவப்புப் புள்ளி போட்டுக் காய்ச்சல் விட்டது. வைரஸ். ஆன்டிபயாடிக் ஒரு சொட்டுக் கூடக் கொடுக்கவில்லை.

இப்போது பையனுக்கு ஒன்றே முக்கால் வயது. ராத்திரி மருந்தை ஒன்றரை வயதில் நிறுத்திவிட்டோம். மலச்சிக்கல் வராமல் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், குடல் இறுகினால் மூத்திரப்பை சரியாகக் காலியாகாதாம், அதனால் வாழைப்பழமும் கீரையும் தினம் உண்டு. அத்தை வீட்டு ஃபிரிட்ஜ் மேல் மூடி பிரிக்காத இரண்டு பாட்டில் எப்போதும் இருக்கும். போன மாதம் எதிர் வீட்டுப் பெண் மூன்று மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, காய்ச்சல், யூரின்ல கிருமின்னு சொல்லிட்டாக என்று ரிப்போர்ட்டோடு வந்து நின்றாள். அத்தைக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. தாளை வாங்கவே இல்லை.

"அது கெடக்கட்டும். யூரின எப்படி எடுத்தாக?"

"பை ஒட்டி."

அத்தை என்னைப் பார்த்தார். நான் மச்சானிடம் கார் சாவி கேட்டேன்.